இரண்டு மில்லிமீட்டர் துளை

எமது மேசைமீது உள்ளங்கையளவான அலுமினியக் கட்டி ஒன்று பல்லாண்டுகளாக இருந்து வருகின்றது. இல்லத்திற்கு வருவோர், தாள்கள் காற்றில் பறவாதிருக்க வைத்த பாரம் என்றே அதனை எண்ணுகின்றனர். அதன் ஒரு முகத்தில், கடுகு ஒன்று நுழையும் அளவிற்குச் சிறிய துளை உண்டு. அக்கட்டியின் வரலாற்றைச் சொல்ல எமக்குச் சற்று நாணமே. எனினும், பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்க்கு அது பயன்படக்கூடும் என்று கருதி எழுதத் துணிந்தோம்.

1979-ஆம் ஆண்டில், எமது 19-ஆம் வயதில், கோவை கணபதிப் பகுதியிலிருந்த சிறு பட்டறை ஒன்றில் வேலை பழகச் சேர்ந்தோம். நூற்பாலை இயந்திரத்திற்கான அலுமினியக் கட்டிகள் 60 செய்து தருமாறு எமது பட்டறைக்கு ஒரு வேலை வந்தது. ஒவ்வொரு கட்டியிலும் எண்ணெய் செல்வதற்காக 2 மில்லிமீட்டர் விட்டமும் 45 மில்லிமீட்டர் ஆழமும் கொண்ட துளை ஒன்று இடவேண்டும். விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு ஆழத்தைக் கடந்தாலே தொழிலறிந்தோர் தனிக் கவனம் கொள்வர். இதுவோ 22 மடங்கிற்கும் மேல்!

"இரும்பா என்ன? அலுமினியம்தானே, வெண்ணெயில் ஊசி இறங்குவதுபோல் இறங்கிவிடுமுங்க" என்றோம்.

மேஸ்திரி சிரித்தார். "மெதுவான உலோகம்தான் தம்பி ஆளை ஏமாற்றும்" என்று சொல்லி, எம்மை அருகே நிறுத்திக்கொண்டு விளக்கினார்.

இரும்பு உருகுவதற்கு 1,538 பாகை வெப்பம் வேண்டும். அலுமினியத்திற்கு 660 பாகையே போதும். துளையிடும்போது எழும் சூட்டில் இம்மென்மையான உலோகம் குழைந்து, டிரில் பிட்டின் வெட்டுமுனையில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். பிட்டின் உடலைச் சுற்றியுள்ள இரு பள்ளங்களும் அழகிற்காக அமைந்தவையல்ல. 1863-ஆம் ஆண்டில் ஸ்டீபன் மோர்ஸ் என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்ற அம்முறுக்கு வடிவத்தில், வெட்டுண்ட சீவல் வெளியேறும் பாதை அப்பள்ளங்களே. துளை ஆழமாக ஆகச் சீவலின் பயணம் நீள்கின்றது. வழியில் அது தங்கினால், பின்வரும் சீவல் அதன்மேல் வந்து இறுகும். பள்ளம் அடைபட்டுவிட்டால், பிட் மேற்கொண்டு திரும்ப இடமின்றி ஒடிந்துபோகும்.

"டிரில் பிட் உலோகம் கடினமாக இருப்பதால் ஒடிவதில்லை, தம்பி. தான் வெட்டிய சீவலிலேயே சிக்கி ஒடிகின்றது" என்றார் மேஸ்திரி.

ஆகவே முறை இதுவென்று கற்பித்தார். முதலில் சென்டர் டிரில்லால் குழி இடவேண்டும். பின்னர்க் குட்டையான பிட்டால் தொடங்கவேண்டும். நீண்ட பிட்டை முதலிலேயே வைத்தால் அது வளைந்து, துளை கோணிப்போகும். சாதாரண 2 மில்லிமீட்டர் பிட்டில் பள்ளத்தின் நீளம் 24 மில்லிமீட்டரே ஆதலால், அதற்குமேல் செல்ல நீண்ட வகைப் பிட்டை மாட்டவேண்டும். முதல் 6 மில்லிமீட்டர் இறங்கியபின், ஒவ்வொரு 2 மில்லிமீட்டருக்கும் பிட்டை முழுவதுமாக வெளியே எடுத்து, சீவலைத் தூரிகையால் நீக்கி, மண்ணெண்ணெய் தடவி, மீண்டும் இறக்கவேண்டும். அவ்வாறு இறக்கும்போதும் மெல்லவே இறக்கவேண்டும். அடியில் உதிர்ந்து கிடக்கும் சீவலின்மேல் பிட் மோதிவிடலாகாது. கைப்பிடி கனக்கும் வரை காத்திருக்கக் கூடாது. கனப்பதற்கு முன்பே வெளியே வந்துவிடவேண்டும்.

இவ்வாறு ஒரு துளைக்கு ஏறத்தாழ இருபது முறை இறங்கி ஏறவேண்டும். அறுபது கட்டிகளுக்கு ஆயிரத்து இருநூறு முறை! 40 கட்டிகள் வரை ஒழுங்காகவே செய்தோம். அன்று மாலை மேஸ்திரி தம் உறவினர் இல்லத்துச் சீருக்காக முன்னதாகவே புறப்பட்டார். அவர் திரும்புவதற்குள் அனைத்தையும் முடித்து நற்பெயர் பெறவேண்டும் என்னும் ஆசை எம்மைப் பற்றிக்கொண்டது. இரண்டு மில்லிமீட்டர் நான்காயிற்று, நான்கு ஆறாயிற்று. 41-ஆவது கட்டியில் கைப்பிடி கனத்தது. இன்னும் சிறிதுதானே என்று அழுத்தினோம். 'டிக்' என்று மெல்லிய ஒலி கேட்டது.

ஒடிந்த துண்டு அடியில் புதைந்துவிட்டது. கட்டியின் வாயைப் பார்த்தோம். மற்ற நாற்பதைப் போலவே வட்டமாக, தூய்மையாக இருந்தது. உள்ளிருப்பதை யார் அறிவார்? அக்கட்டியை மற்றவற்றோடு பெட்டியில் கலந்துவிட்டு, வேறொரு பிட்டால் எஞ்சியவற்றை முடித்தோம். மேஸ்திரி கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று, உபரியாக இருந்த கட்டி ஒன்றையும் மறைத்து வைத்தோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எண்ணெய் செல்லாத அந்த இடத்தில் இயந்திரம் காய்ந்து தேயும் ஒலியே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. விடிந்ததும் மேஸ்திரியிடம் சென்று, "ஒரு கட்டியில் பிட் ஒடிந்துபோச்சுங்க. பெட்டியில் கலந்துவிட்டேனுங்க" என்றோம்.

அடி விழும் என்று காத்திருந்தோம். அவர் ஒரு மெல்லிய கம்பியை எடுத்து, 45 மில்லிமீட்டரில் அடையாளமிட்டு எம் கையில் தந்தார். அறுபது கட்டிகளையும் நாமே சோதித்தோம். ஒன்றில் கம்பி 31 மில்லிமீட்டரில் நின்றது. அவசரமாகச் செய்த கட்டிகளுள் வேறு இரண்டில் சீவல் இறுகி அடைத்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அவ்விரண்டையும் சீர்செய்து, உபரிக் கட்டியில் புதிதாகத் துளையிட்டோம். பழுதான கட்டியை எம்மிடமே தந்து, "வைத்துக்கொள்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

இத்தனையும் கற்ற நாம், பட்டறையில் கற்றதைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தோம் என்பதை 2004-ஆம் ஆண்டில்தான் உணர்ந்தோம். எம் மகன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பினோம்; பள்ளி முடிந்ததும் தனிப்பயிற்சிக்கு அனுப்பினோம்; இரவில் அவன் வீடு வந்து சேர்ந்ததும், "இன்று எத்தனை மதிப்பெண்?" என்றோம். கிரிக்கெட் மட்டையைப் பரண்மேல் ஏற்றினோம். "பிள்ளை முகம் வாடிக்கிடக்கிறதே" என்று எம் துணைவியார் பன்முறை சொன்னார். இன்னும் சில மாதங்கள்தானே என்று விடையிறுத்தோம். அழுத்தினோமே அன்றி, ஒரு நாளும் அவனை வெளியே வரவிட்டோமில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பல நாளாகியும் மதிப்பெண் அட்டை வரவில்லை. ஒருநாள் சுவரிலிருந்த நாட்காட்டியை மாற்றுகையில், அதன் பின்னாலிருந்து அது விழுந்தது. கணிதத்தில் தோல்வி. கீழே எமது கையொப்பம், அவன் கையால்.

கையை ஓங்கினோம் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அவன் முகத்தைக் கண்டதும் எமது கை தானாகத் தாழ்ந்தது. பெட்டிக்குள் ஒரு கட்டியைக் கலந்துவிட்டு நின்ற பத்தொன்பது வயதுப் பையனின் முகம் அது. அலமாரியிலிருந்து அந்தக் கட்டியையும் ஒரு கம்பியையும் எடுத்து அவன் கையில் தந்து, நடந்ததை முதன்முறையாகச் சொன்னோம்.

நெடுநேரம் கழித்து, "மேஸ்திரி உங்களை அடிக்கவே இல்லையா, அப்பா?" என்று கேட்டான்.

"இல்லை."

அதன்பிறகு அவன் பேசத் தொடங்கினான். மாதக் கணக்கில் உள்ளே இறுகியிருந்ததெல்லாம் அன்றிரவு வெளியே வந்தது. மறுநாள் பரணிலிருந்து மட்டையை இறக்கினோம். தனிப்பயிற்சிகளுள் ஒன்றை நிறுத்தினோம். நாம் விரும்பிய பொறியியல் கல்லூரிக்குப் போதிய மதிப்பெண் அவனுக்குக் கிட்டவில்லை. வணிகவியல் படித்து, இன்று சொந்தக் காலில் நிற்கின்றான். எம்மிடம் எதையும் மறைப்பதில்லை என்றே நம்புகின்றோம்.

இன்றைய கணினி இயந்திரங்களில் ஆழத் துளைக்கென 'ஜி83' என்று ஒரு கட்டளை உண்டு. அக்கட்டளையைப் பெற்றதும் இயந்திரம் சிறிது இறங்கி, முழுவதும் வெளியேறி, சீவலை உதறி, மீண்டும் இறங்குகின்றது. மேஸ்திரி எம் கைக்குக் கற்பித்ததை இயந்திரத்துக்கும் கற்பித்துவிட்டார்கள். பெற்றோராகிய நமக்கு அக்கட்டளையை எவரும் இட்டுத் தருவதில்லை. கைப்பிடி கனப்பதற்கு முன்பே நாமாக உணர்ந்தாக வேண்டும்.

சென்ற மாதம் எம் பேரன் அந்தக் கட்டியை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தான். கம்பியை உள்ளே விட்டுப் பார்த்து, "தாத்தா, இதற்குமேல் போகவில்லையே!" என்றான். கம்பி 31 மில்லிமீட்டரில் நின்றிருந்தது. "உன் அப்பாவைக் கேள், அவனுக்குத் தெரியும்" என்றோம்.