போணியும் வாடிக்கையும்

காலையில் கடை திறந்ததும் நடக்கும் முதல் விற்பனைக்குப் போணி என்று பெயர். அது தவறிவிடக் கூடாது என்பதற்காக விலையைச் சற்று இறக்கிக் கொடுக்கும் பழக்கம் நம் கடைத்தெருக்களில் இன்றும் உண்டு. காய்கறிக் கடைக்கு அது சரி. வாங்க வந்தவர் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து, சொத்தையை ஒதுக்கி, காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. வெப்சைட் செய்துகொடுத்து, அதற்கு ஹோஸ்டிங்கும் தரும் தொழிலைப் புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் இதே போணிக் கணக்கைத்தான் போடுகிறார்கள். டொமைன், ஹோஸ்டிங், ஐந்து பக்கம் எல்லாம் சேர்த்து மிகக் குறைந்த விலை என்று ஊர் முழுக்க வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறார்கள். ஆனால் இந்தத் தொழிலில் காசு கைமாறும் நாளில்தான் கணக்கே தொடங்குகிறது. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அந்தத் தளம் திறந்தாக வேண்டும். வாடிக்கையாளர் என்ற சொல்லுக்குள் வாடிக்கை இருக்கிறது. திரும்பத் திரும்ப வருகிறவருக்கே அந்தப் பெயர். புதிய நிறுவனம் தேட வேண்டியது அப்படிப்பட்டவரைத்தான். விலைக்குறைப்பால் அவர் கிடைக்க மாட்டார் என்பதே என் வாதம்.

விலை ஏன் உதவாது என்பதற்குப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுரையில் விளக்கம் இருக்கிறது. பழைய கார் விற்கிறவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவர் எல்லா வண்டிக்கும் சந்தேக விலையே சொல்வார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல வண்டிக்காரர்கள் சந்தையை விட்டு விலகுவார்கள். 2001இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த இந்தச் சிந்தனை, வெப்சைட் சந்தைக்கு அப்படியே பொருந்துகிறது. உலகின் வலைத்தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் வேர்ட்பிரஸ் என்ற ஒரே மென்பொருளில் ஓடுகின்றன. அதனால் அக்கறையாகச் செய்த தளமும் அவசரத்தில் ஒட்டவைத்த தளமும், ஒப்படைக்கும் நாளில் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். பேக்கப் எடுக்கப்படுகிறதா, மென்பொருள் புதுப்பிக்கப்படுகிறதா என்பதெல்லாம் தளத்தை வாங்கும் கடைக்காரர் கண்ணில் படாது. தரத்தை அளக்க வழியில்லாதவர் முன்னால் விலையை இறக்கினால், அவர் சந்தேகம் கூடத்தான் செய்யும். இறக்க வேண்டியது அவர் சுமக்கும் அபாயத்தை.

அந்த அபாயங்கள் கற்பனையானவை அல்ல. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்துபோனது. லட்சக்கணக்கான தளங்கள் முடங்கின. வேறிடத்தில் பேக்கப் வைத்திருந்தவர்கள் மீண்டார்கள், வைக்காத பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். அவ்வளவு பெரிய விபத்துகூடத் தேவையில்லை. டாட் காம் பெயர் ஒன்று ரினிவல் ஆகாமல் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டால், அதை மீட்க 30 நாள் அவகாசம்தான். அதற்கும் வழக்கமான கட்டணத்தைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டும். எச்சரிக்கை மின்னஞ்சல் வரத்தான் செய்யும், ஆனால் தளத்தைச் செய்தவர் தன் முகவரியைக் கொடுத்துப் பதிந்திருந்தால் அது உரிமையாளருக்கு வந்து சேராது. பெயர் போனால் தளத்தோடு, அதே பெயரில் இயங்கும் நிறுவன மின்னஞ்சலும் நின்றுவிடும். 99.9 சதவீதம் இயங்கும் என்ற வாக்குறுதியும்கூட ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேர முடக்கத்தை அனுமதிக்கிறது. இவற்றுக்கெல்லாம் தன் பதில் என்ன என்பதைப் புதிய நிறுவனம் கொட்டேஷனிலேயே நல்ல தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்: பேக்கப் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த இடத்தில், தளம் நின்றால் யாரை அழைப்பது, எத்தனை மணி நேரத்தில் பதில். அந்த ஒரு தாளே மற்றவர்களிடமிருந்து அதைப் பிரித்துக் காட்டும்.

அந்தத் தாளை யாரிடம் நீட்டுவது? ஊரில் உள்ள எல்லோரிடமும் அல்ல. ஒரு தொழிலைத் தேர்ந்துகொள்வது நல்லது. கோயம்புத்தூரில் தொடங்குகிறவர் பம்ப் தயாரிப்பாளர்களை எடுத்துக்கொள்ளலாம். பம்ப் வாங்க வருகிறவர் கேட்பது எத்தனை ஹெச்பி, எவ்வளவு ஹெட்டுக்கு எத்தனை லிட்டர் டிஸ்சார்ஜ், சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்பதுதான். இதைத் தெரிந்துகொண்டு, மாடல் வாரியாகத் தேடிப் பார்க்கும்படி ஒரு பக்கத்தை அமைத்துக் காட்டுகிறவரைத் தயாரிப்பாளர் தானே எடைபோட முடியும். கணினி அவருக்குத் தெரியாவிட்டாலும் பம்ப் தெரியும். அகர்லாஃப் சொன்ன இருட்டில் அது ஒரு சாளரம். மற்றொரு சாளரம், அவர் ஏற்கெனவே நம்புகிறவர்கள்: கேட்லாக் அடித்துக் கொடுக்கும் அச்சகத்தார், ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும் ஆடிட்டர், மூலப்பொருள் தருகிறவர். தொழிலை நெருக்கத்தில் பார்க்கும் இவர்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல், நூறு செய்திகளைவிடக் கனமானது.

ஒரே தொழிலில் நின்றால் சந்தை சுருங்கிவிடாதா என்று கேட்கலாம். புதிதாகத் தொடங்கும் இருவர், மூவர் எத்தனை பேரை ஒழுங்காகக் கவனிக்க முடியும் என்று எண்ணிப் பார்த்தால் அச்சம் தெளியும். பராமரிப்புக்கு ஆண்டுக்கு 8,000 ரூபாய் தரும் 40 பேர் நிலைத்தால் 3,20,000 ரூபாய் உறுதியான வருமானம்; புதிய வேலைகளின் கூலி அதற்கு மேல். பெரிய தொழில் நகரத்தில் ஒரு துறைக்குள் 40 பேரைத் தேடுவது நடக்கக்கூடிய காரியம். இன்ஸ்டாகிராமும், கூகுளின் இலவச வணிகப் பக்கமும் இருக்கும்போது வெப்சைட் எதற்கு என்ற கேள்வி இதைவிட வலுவானது. தெருமுனை டிபன் கடைக்கு அவை போதும். போதும் என்று நேர்மையாகச் சொல்லி அனுப்புவதே நல்லது. அப்படிச் சொன்னவரை அந்தக் கடைக்காரர் மறக்க மாட்டார். ஆனால் ஐம்பது மாடல் விற்கிறவருக்கு, வெளிநாட்டு ஆர்டர் எதிர்பார்க்கிறவருக்கு, தன் பெயரிலேயே மின்னஞ்சல் வேண்டும் என்கிறவருக்கு, இன்னொருவர் விதியை மாற்றினால் அசையாத சொந்த இடம் வேண்டியிருக்கிறது.

மேலே சொன்ன அபாயத்தைத் தவிர்க்க டொமைனை வாடிக்கையாளர் பெயரிலும், லாகின் விவரங்களை அவர் கையிலும் கொடுத்துவிட்டால், அவர் நாளைக்கே வேறிடம் போய்விடுவாரே என்பது தொழிலுக்குள் இருப்பவர்களின் கவலை. போகலாம்; போக முடிகிறவர்தான் நம்பிக்கையோடு தங்குவார். சாவியைப் பிடித்துவைத்து நிறுத்தப்பட்டவர் ரினிவலுக்குப் பணம் கட்டுவார், ஆனால் இன்னொருவரிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பரிந்துரையால் வளர வேண்டிய தொழிலுக்கு அதைவிடப் பெரிய நட்டம் இல்லை.

கடைசிக் கேள்வி வயிற்றைப் பற்றியது: நம்பிக்கை மெல்லத்தான் வளரும், இந்த மாத வாடகைக்கு என்ன செய்வது? புதுத் தளம் விற்பதைவிடப் பழைய தளத்தைச் சீர்செய்யும் சிறுவேலை விரைவில் கிடைக்கும். 2018 ஜூலை முதல் குரோம் உலாவி, பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று முகவரிப் பட்டையிலேயே காட்டுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அந்தச் சான்றிதழை 2015 முதல் இலவசமாகத் தந்தும், கவனிக்க ஆளின்றிக் கிடக்கும் தளங்களை இன்றும் பார்க்கிறோம். தேர்ந்துகொண்ட துறையில் அத்தகைய தளங்களைக் கண்டுபிடித்து, குறையைப் பயமுறுத்தாமல் காட்டி, சான்றிதழ் இலவசம், என் உழைப்புக்கு மட்டும் கூலி என்று சொல்லிச் சரிசெய்து கொடுக்கலாம். தொகை சிறிதுதான். ஆனால் வேலை முடிந்ததா, சொன்ன நாளில் முடிந்ததா என்பதைக் கடைக்காரரே பார்த்துக்கொள்ளலாம். ஓராண்டு கழித்து அவர் விலையைப் பற்றிப் பேசாமல் ரினிவலுக்குப் பணம் அனுப்பினால், இந்தத் தொழிலில் அதைத்தான் முதல் போணி என்று சொல்ல வேண்டும்.