பேசக் கூடாத பெட்டி

"ரேடியோவுக்கு என்னடா ஆச்சு? முணுமுணுக்கிறதே தவிரப் பாட மாட்டேன் என்கிறதே!" என்று அம்மா கேட்டபோது, அலமாரி மேல் இருந்த அந்தச் சின்னக் கருவி தன்னால் ஆன மட்டும் அலறிக்கொண்டிருந்தது. வாசலில் படுத்திருந்த தெரு நாய்கூட எழுந்து போய்விட்டது. பழுது ரேடியோவில் இல்லை என்பது எனக்கும் என் மனைவிக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனால், எண்பத்தாறு வயதில் பழியை ரேடியோவின் தலையில் போடும் உரிமை ஒருவருக்கு உண்டல்லவா?

மறு வாரம் மலையிறங்கிச் சேலத்தில் ஒரு காது டாக்டரிடம் அம்மாவை அழைத்துப் போனேன். அவர் சோதித்துப் பார்த்து ஒரு வரைபடத்தை என்னிடம் நீட்டினார். தணிந்த ஒலிகள் இடது பக்கம், உச்ச ஒலிகள் வலது பக்கம். இடது பக்கத்தில் ஏற்காடு ஏரிக்கரை போலச் சமமாக ஓடிய கோடு, வலது பக்கம் போகப் போக மலைப்பாதை போலச் சரிந்து இறங்கியிருந்தது.

"வயோதிகத்தில் பெரும்பாலோருக்கு இப்படித்தான். மேல் ஸ்தாயிதான் முதலில் போகும். கீழே இருப்பது நெடுநாள் நிற்கும்" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனையாவதோ ஒன்றில் எனக்கு அந்த விஷயம் உறைத்தது. உள்ளங்கையளவு ஒலிபெருக்கி கொண்ட எங்கள் ரேடியோவில் தணிந்த ஒலி என்பதே கிடையாது. அது கொடுப்பதெல்லாம் அம்மா இழந்துவிட்ட மேல் ஒலிகளை. அம்மாவிடம் மிச்சம் இருப்பதோ அது கொடுக்க முடியாத கீழ் ஒலிகள். கடையில் இல்லாத சரக்கைக் கேட்கும் வாடிக்கைக்காரரும், அவருக்கு வேண்டாத சரக்கையே கூவி விற்கும் கடைக்காரரும் போல இருவரும் ஒரே அறையில் வாழ்ந்து வந்திருக்கிறார்கள்!

காதில் பொருத்தும் கருவி வாங்கினோம். பேச்சுக்கு அது உதவியது. பாட்டுக்கு அதை வைத்துக்கொண்டால் "தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது" என்று கழற்றி வைத்துவிடுவாள். திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கியது. அம்மாவும் அதுவும் ஏறக்குறைய ஒரே வயது. அக்கிரகாரத்தில் ஒரே ஒரு வீட்டில் இருந்த பெரிய மரப்பெட்டி ரேடியோவின் முன்னால் உட்கார்ந்து கேட்டே பாட்டுகளைக் கற்றுக்கொண்டவள் அவள். சாகித்தியம் முழுவதும் அவள் மனத்தில் இருக்கிறது. வார்த்தை கேட்காவிட்டாலும் குற்றமில்லை. சுருதியும் தாளமும் வந்து சேர்ந்தால் மற்றதை அவளே நிரப்பிக்கொள்வாள். அந்தச் சுருதியைக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு என்று தீர்மானித்தேன்.

முதலில் நான் நாடியது மண்பானையை. 1980-களில் நம் ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். டேப் ரெக்கார்டருக்கு வெளி ஸ்பீக்கர் வாங்கினால் அதற்குப் பெட்டி வாங்கப் பணம் இராது. பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து, கூரை மூலையில் கட்டித் தொங்கவிட்டுவிடுவார்கள். டீக்கடையானாலும் திண்ணையானாலும் பாட்டு 'கும்' என்று வரும். யாரும் பௌதிகம் படித்து அதைச் செய்யவில்லை; ஆனால் அதில் இருப்பது நல்ல பௌதிகம்தான்.

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்பக்கம் காற்றை இழுக்கிறது. தணிந்த ஒலிகளில் அந்த அசைவு நிதானமானது. முன்னே தள்ளப்பட்ட காற்று, விளிம்பைச் சுற்றி ஓடிப் பின்னே உண்டான பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. வரவும் செலவும் நேராகிக் கையில் மிச்சம் பூஜ்யம். நம் போன்ற மாதச் சம்பளக் குடும்பத்தாருக்கு இந்தக் கணக்கை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வரவையும் செலவையும் சந்திக்க விடாமல் நடுவே ஒரு சுவர் எழுப்ப வேண்டும். பானை அந்தச் சுவர்.

என் மனைவி கோடைக்கு வாங்கி வைத்திருந்த பானையைப் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தாள். அம்மா முகம் மலர்ந்தது, முதல் பாட்டுக்கு. இரண்டாவது பாட்டில் புருவம் நெரிந்தது. மூன்றாவதில், "எல்லாரும் ஒரே சுரத்தில் வந்து விழுகிறார்களே!" என்றாள். உண்மைதான். பானைக்கென்று ஒரு சொந்தச் சுரம் உண்டு. மானாமதுரைக் கடத்தில் அது வித்தை. என் பானையில் அது தொல்லை. எந்த ராகம் பாடினாலும் அந்த ஒரு சுரம் வரும்போது பானை தானும் எழுந்து பாடியது.

ஆகவே மரத்தில் பெட்டி செய்வது என்று முடிவாயிற்று. அளவைப் பற்றி என் மனைவியிடம் பேச்சுவார்த்தை நடத்தினேன். எங்கள் ஹால் 12 அடிக்கு 10 அடி. அதில் அம்மாவின் கட்டில், இரண்டு நாற்காலி, ஓர் அலமாரி.

"கட்டில் நகரக் கூடாது. வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டும். நான் குனிந்து பெருக்க வழி வேண்டும். இதற்கு மேல் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வைத்துக்கொள்ளுங்கள்" என்றாள்.

தேடிப் பார்த்ததில் மிஞ்சியது ஒரே ஓர் இடம். அம்மாவின் கட்டில் தலைமாட்டில், அறையின் மூலையில், ஒரு முக்காலி. அதன் மேல் கூஜா, மூக்குக் கண்ணாடி, விபூதிச் சம்புடம். 18 அங்குல உயரம், 14 அங்குலச் சதுரம். பெட்டி அந்த முக்காலிக்குப் பதிலாக நின்று, முக்காலி வேலையையும் செய்ய வேண்டும். ஸ்டீரியோவுக்கு இரண்டு பெட்டி வேண்டுமென்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை.

ஆனால் எதிராளி சாமானியமல்ல. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் தம்புராவில், மந்தர ஷட்ஜம் நொடிக்குச் சுமார் 65 அதிர்வு. காற்றில் அந்த அலையின் நீளம் 17 அடிக்குமேல். என் ஹாலே 12 அடிதான்! 17 அடிச் சுரத்தை 18 அங்குல முக்காலிக்குள்ளிருந்து எழுப்ப வேண்டும்.

இந்தச் சங்கடம் உலகத்தில் எனக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் கே.எல்.எச். என்ற ஒலிபெருக்கிக் கம்பெனியை 1957-ல் தொடங்கிய மூவரில் ஒருவர் ஆன்டன் ஹாஃப்மன். புகழ்பெற்ற பியானோ வித்துவான் ஜோசப் ஹாஃப்மனின் மகன். அவர் பெயரில் ஒரு விதி வழங்குகிறது. சின்னப் பெட்டி, தணிந்த சுரம், குறைந்த மின்சக்தியில் உரத்த ஒலி. இந்த மூன்றில் எவை இரண்டையும் கேட்டுப் பெறலாம், மூன்றாவது கிடையாது. கலியாணத்துக்கு வரன் பார்த்தவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். எனக்கு முதல் இரண்டும் வேண்டும். மூன்றாவதை விட்டுக் கொடுத்தேன். சட்டைப் பையில் அடங்கும் ஆம்ப்ளிஃபயர்கூட வேண்டிய சக்தியைக் கொடுக்கும் காலம் இது.

சின்னப் பெட்டியைக் கௌரவமான பொருளாக்கியவர் எட்கர் வில்ச்சர். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு வில். பெட்டி சிறுக்கச் சிறுக்க வில் விறைக்கும். விறைக்க விறைக்கத் தணிந்த சுரம் மேலேறும். எல்லாரும் இந்த வில்லைச் சத்துருவாக நினைத்தபோது, 'கூம்பின் சொந்தப் பிடிப்பைத் தளர்த்திவிட்டு, காற்றையே வில்லாக வைத்துக்கொண்டால் என்ன?' என்று யோசித்தவர் அவர். 1954-ல் மாசசூசெட்ஸில் கம்பெனி தொடங்கி அப்படியே செய்து காட்டினார். அதைவிட என்னைத் தொட்டது அவருடைய பிற்கால வாழ்க்கை. 1967-ல் கம்பெனியை விற்றுவிட்டுக் காது கேளாதோருக்கான கருவிகளை ஆராய்வதில் இறங்கினார். இன்றைய காதுக் கருவிகள் பலவற்றுக்கு அவருடைய ஆராய்ச்சி ஆதாரம். அம்மா கழற்றி வைத்த கருவியிலும், நான் செய்யப் புகுந்த பெட்டியிலும் ஒரே மனிதரின் யோசனை இருந்தது!

கணக்குப் போட்டேன். முக்கால் அங்குலப் பலகை போக, பெட்டிக்குள் சுமார் 42 லிட்டர். மூன்று குடம் தண்ணீர் கொள்ளும். நான் வாங்கிய எட்டு அங்குல ஸ்பீக்கரின் இயற்கை அதிர்வு நொடிக்கு 40. அதன் பிடிப்புக்குச் சமமான விறைப்புள்ள காற்றும் சுமார் 42 லிட்டர்தான். இரண்டு வில்லும் சமமாகச் சேர்ந்தால் 40 என்பது ஏறக்குறைய 57 ஆகும். 65-க்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது.

இங்கே மலை எனக்கு ஓர் உபகாரம் செய்தது. ஏற்காட்டில் குடியேறும் எந்தப் பெண்மணியும் முதல் வாரத்திலேயே கண்டுபிடிக்கும் உண்மை, பருப்பு வேகத் தாமதமாகிறது என்பது. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதே காற்று பெட்டிக்குள் அடைபட்டால் அதன் வில்லும் அந்த அளவுக்கு இளகுகிறது. 57 என்ற கணக்கு 54 ஆயிற்று. என் மனைவியின் பருப்பைக் கெடுத்த காற்று, அம்மாவின் தம்புராவுக்குத் தள்ளுபடி கொடுத்தது.

கொதிநீரையும் தாங்கும் பிளைவுட் பலகையைச் சேலத்துக் கடையிலேயே துண்டு போட்டு வாங்கி வந்தேன். எட்டடிப் பலகை எங்கள் கார்க் கதவுக்குள் நுழையாது; சாதாரணப் பலகையோ ஏற்காட்டு மூடுபனியில் உப்பிவிடும். வேலை செய்ய வந்த ஆசாரி, பலகையின் கனத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"வீணைக்குக் குடம் குடையறப்போ பலாக்கட்டையை இழைச்சு இழைச்சு மெலிசாக்குவாங்க சார், அப்பத்தான் பேசும். இதை என்னங்க இவ்வளவு தடியாப் பண்றீங்க?"

"வீணை பாட வேண்டிய பெட்டி. இது பேசக் கூடாத பெட்டி. பாடகர் ஏற்கெனவே பாடி முடித்துவிட்டார். பெட்டியும் கூடப் பாடினால் அது குறுக்குப் பேச்சு" என்றேன்.

"மூச்சு விட ஒரு ஓட்டையாச்சும் வேணாமுங்களா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பெட்டியில் ஒரு துவாரம் விட்டு, சீசாவின் வாயில் ஊதினால் எழும் ஒலியைப் போலப் பின்பக்க ஒலியையும் பயன்படுத்தும் யுக்தி உண்டு. பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த ஆல்பர்ட் துராஸ் 1932-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதற்கு என் முக்காலி போதாது. தவிர, மலைவீட்டில் எந்தத் துவாரமும் ஒரே வாரத்தில் பல்லிக்குச் சொந்தமாகிவிடும்.

ஆறு பலகைகளையும் பசையிட்டு இறுக்கி, உள்ளே பஞ்சு திணித்தோம். பஞ்சு, பெட்டியைக் காற்றுக்குச் சற்றுப் பெரிதாகக் காட்டும். அம்மா தன் பழைய இலவம்பஞ்சுத் தலையணையைக் கொடுத்துவிட்டாள். கடைசியில் ஆசாரி விரலை மடக்கி, பலாப்பழம் பார்ப்பது போல ஒவ்வொரு பக்கமும் தட்டிப் பார்த்தார். பக்கங்களெல்லாம் கல் போல் இருந்தன. மேல் பலகை மட்டும் 'தொம்' என்றது. உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் வைக்க நான் மறந்துவிட்டேன்.

"அடுத்த வாரம் சட்டம் கொண்டாந்து பூட்டிடறேன்" என்று சொல்லிப் போனார்.

அன்று மாலை மூலையில் பெட்டியை வைத்தோம். மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து தணிந்த ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும். பெருக்க வழி கேட்ட என் மனைவி, தெரியாமலே சரியான இடத்தைக் காட்டியிருந்தாள். பாலக்காடு மணி ஐயர் வாசித்த ஒரு பழைய கச்சேரிப் பதிவைப் போட்டேன். மைக் இல்லாத கச்சேரியை விரும்பிய மகாவித்துவானை ஒலிபெருக்கியில் அழைப்பதற்கு மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கக் கூஜாவை எடுக்கக் கை நீட்டினாள். கை கூஜாவுக்குப் போகாமல் பெட்டியின் மேல் பலகையில் நின்றது. சற்று நேரம் அப்படியே இருந்தாள். பிறகு விபூதிச் சம்புடத்தையும் கண்ணாடியையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, உள்ளங்கை முழுவதையும் பலகையில் பதித்துக்கொண்டாள்.

"தொப்பி. இதோ, கையில் வருகிறது" என்றாள். மற்றொரு கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது.

எது பேசக் கூடாதென்று இரண்டு மாதம் கணக்குப் போட்டேனோ, அது பேசிக்கொண்டிருந்தது. என் காதுக்கு அந்தப் பலகையின் அதிர்வு ஒரு கறைதான். ஒவ்வொரு தொப்பி அடியிலும் சற்றுக் கூடுதலாக நீள்கிறது. நல்ல காது உள்ள எவரும் குற்றம் சொல்வார். ஆனால் அந்த வீட்டில் நல்ல காது யாருக்கு வேண்டியிருந்தது? காது கேட்டது போக மிச்சத்தை அவள் கை கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஆசாரி சொன்னபடி சட்டத்தோடு வந்தார். அம்மா கண்ணை மூடி, கையைப் பெட்டி மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் வாசற்படியிலேயே நின்று சிறிது நேரம் பார்த்தார்.

"இருக்கட்டுங்க சார்" என்றார்.

கூலியைக் கொடுத்தேன். சட்டத்தைத் திரும்ப எடுத்துப் போகவில்லை. மலைக்காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க, என் மனைவி அதை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள்.