ஒரு சக்கரத்துக்காக ஒரு கட்டர்

கோவை ஆவாரம்பாளையத்தில் நான் போன பட்டறைக்குள் இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், மூலையில் ஒரு சாணை. இவ்வளவுதான் சொத்து. நூற்பாலையிலிருந்து வந்திருந்த ஃபிட்டர் கோணிப்பையைப் பிரித்து, வார்ப்பிரும்புப் பல்சக்கரம் ஒன்றை மேசைமேல் வைத்தார். அடுத்தடுத்து மூன்று பற்கள் உடைந்திருந்தன.

"இதே மாதிரி ஒண்ணு வேணுங்கண்ணா. மெஷின் நிக்குது."

"செஞ்ச கம்பெனியில கேட்டீங்களா?"

"கம்பெனியே இல்லீங்களே."

கோவையில் இது புதுக் கதை அல்ல. 1888-இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலைக்குப் பிறகு பல பத்தாண்டுகள் இந்த ஊர் ஆலைகளுக்கு இங்கிலாந்து இயந்திரங்களே கப்பலேறி வந்தன. லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியதே 1962-இல்தான். ஒரு காலத்தில் உலகின் ஆகப்பெரிய ஜவுளி இயந்திர நிறுவனமாக இருந்த ஓல்டாம் நகரத்து பிளாட் பிரதர்ஸ் 1980-களில் மூடப்பட்டுவிட்டது. இயந்திரங்கள் மட்டும் இன்னும் ஆங்காங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன.

பட்டறையின் டர்னருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். வெர்னியரை எடுப்பதற்கு முன் பற்களை எண்ணினார். உடைந்தவற்றின் இடத்தையும் சேர்த்து 38. பிறகு வெளிவிட்டத்தை அளந்தார்: 101.4 மில்லிமீட்டர். பல்லின் நுனி தேய்ந்திருப்பதால் புதிதில் 101.6, அதாவது சரியாக 4 அங்குலம் இருந்திருக்க வேண்டும் என்றார். பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி அங்குல விட்டத்தால் வகுத்தால் 10. "இது மாட்யூல் இல்லைங்க, பத்து டிபி."

டிபி என்பது ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பல் என்ற கணக்கு. மாட்யூல் என்பது ஒரு பல்லுக்கு எத்தனை மில்லிமீட்டர் விட்டம் என்ற கணக்கு. பத்து டிபியை மாட்யூலாக மாற்றினால் 2.54 வரும். கடையில் சுலபமாகக் கிடைப்பது 2.5. அந்த 0.04-இல் என்ன வந்துவிடப்போகிறது என்று அதிலேயே வெட்டினால் சக்கரத்தின் வெளிவிட்டம் 100 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். ஜோடிச் சக்கரத்தோடு இழைவு போய், சத்தம் வந்து, பிறகு பல் போகும். பழைய ஆங்கிலேயச் சக்கரங்களில் பல்லின் அழுத்தக் கோணம் பெரும்பாலும் பதினாலரை பாகை. இன்றைய வழக்கம் 20. பல் எண்ணிக்கைக்கு ஏற்ப மாறும் கட்டர் எண்ணும் ஏமாற்றும். டிபி செட்டில் 38 பல்லுக்கு 3-ஆம் எண் கட்டர். மாட்யூல் செட்டில் வரிசை பொதுவாகத் தலைகீழ் என்பதால் அதே 38-க்கு 6-ஆம் எண்.

பத்து டிபி கட்டர் கையில் இல்லை. ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க ஆலைக்குப் பொறுமையும் இல்லை. டர்னர் ஒரு சதுர ஹைஸ்பீட் டூல் பிட்டை எடுத்துக்கொண்டு சாணைக்கு நகர்ந்தார். இனி நடந்ததுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி.

சக்கரம் ஒரே பக்கமாகச் சுற்றுவதால் பல்லின் ஒரு முகம்தான் தேயும். மறுமுகம் ஏறக்குறைய செய்தபோது இருந்தபடியே இருக்கும். அந்த முகத்தைத்தான் அவர் நம்பினார். டூல் பிட்டைச் சாணையில் வைப்பார், தண்ணீரில் முக்குவார், பல்லிடுக்கில் பொருத்திக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அதற்கு எதிர்ப்புறம்தான் இன்னும் இரும்பு மிச்சமிருக்கிறது. திரும்பவும் சாணை. ஒரு பக்கம் சரியானதும் அதே வளைவை மறுபக்கத்திலும் கொண்டுவர வேண்டும். அதற்குத் தகரத்தில் ஒரு மாதிரி வெட்டி வைத்துக்கொண்டார். வெட்டுமுனைக்குப் பின்னால் உரசாதபடி சாய்வும் கொடுக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரம் அதிலேயே கரைந்தது.

அந்த ஒற்றைப் பல் கட்டரை மில்லிங் மெஷின் ஆர்பரில் மாட்டிய பிறகு மற்றதெல்லாம் கணக்குதான். டிவைடிங் ஹெட்டில் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் வேலைப்பொருள் ஒரு சுற்று சுற்றும். 38 பல்லுக்கு, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முழுச் சுற்று, கூடவே 19 துளை வட்டத்தில் ஒரு துளை. ஆழம் ஐந்தரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வார்ப்பிரும்பின் கரிய தூள் கையெல்லாம் ஏறியது.

அளவுமுறை ஒத்துவராத இந்தத் தொல்லை மரைகளிலும் உண்டு. அரை அங்குல விட்வொர்த் மரைக்கு அங்குலத்துக்கு 12 புரி. அமெரிக்க அரை அங்குலத்துக்கு 13. கோணமும் 55 பாகை, 60 பாகை என்று வேறு. நட்டு இரண்டு சுற்று ஏறிவிட்டு நின்றுகொள்ளும். தெரியாதவர் ஸ்பானரைப் போட்டு இறுக்கி மரையைக் கெடுத்துவிடுவார்.

வயர்கட் இயந்திரத்தில் கொடுத்து வெட்டினால் கட்டரே வேண்டாமே என்று டர்னரிடம் கேட்டேன். கொடுக்கலாம்தான், ஆனால் தேய்ந்த பல்லை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டித் தரும் என்றார். சரியான பேச்சு. எந்த இயந்திரத்தில் வெட்டினாலும், செய்தவன் முதலில் என்ன நினைத்தான் என்பதை யாராவது கண்டுபிடித்தாக வேண்டும்.

மாலையில் பில் எழுதினார். சக்கரத்துக்கு மட்டும். கட்டருக்குச் செலவான நேரம் அதில் இல்லை. "கேட்டா, கட்டர் உங்ககிட்டதானே இருக்குதுன்னு சொல்லுவாங்க" என்றார். எனக்கு அது அநியாயமாகத்தான் பட்டது. வேலையில் பெரும்பகுதி அதில்தான் போனது. இன்னொரு பத்து டிபி, 38 பல் சக்கரம் எப்போது வருமென்று யாருக்குத் தெரியும்?

ஃபிட்டர் சக்கரத்தைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். டர்னர் நிறுத்தினார். "இதோட ஜோடி எப்படி இருக்குது?"

"அதும் தேஞ்சுதான் இருக்குதுங்கண்ணா. 24 பல்லு."

"அப்ப அதையும் கழட்டிட்டு வந்துருங்க. தேஞ்சதோட புதுசைப் போட்டா இதும் சீக்கிரம் போயிரும்."

இன்று சாணை பிடித்த கட்டர் அதற்கு ஆகாது. பல் எண்ணிக்கை குறைந்தால் இடுக்கின் வளைவு மாறிவிடும். டர்னர் இன்னொரு டூல் பிட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.