விலாசம் கேட்ட மாஸ்டர்

என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனவர் எனக்கு மாமா முறை. அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். எங்கள் லயத்தில் இரண்டு காம்பரா தள்ளித்தான் அவருடைய அக்கா குடியிருந்தார். தங்கச்சி பிறந்தபோது தொட்டில் கட்டிக் கொடுத்ததே அவர்தான். முன்பின் தெரியாத ஒருவர் வந்து பிள்ளையைக் கேட்டிருந்தால் அப்பா வாசலிலேயே விரட்டியிருப்பார். மாமா கேட்டார். அம்மா தலைவாரிப் பூ வைத்து அனுப்பினார்.

1987ஆம் ஆண்டு அது. கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டம். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவைக் கண்டி பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்து அப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். கடையில் பற்று ஏறியிருந்தது. தீபாவளிக்குத் தோட்டத்தில் வாங்கிய முற்பணம் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. "நல்ல எடம் தங்கச்சி. கைப்புள்ளயப் பாத்துக்கிட்டாப் போதும். மூணு வேளச் சாப்பாடு. அங்கயே பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவாங்க" என்று மாமா சொன்னது எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. அம்மாவின் கையில் காசும் கொடுத்தார்.

அந்த வீட்டில் என்னை யாரும் அடிக்கவில்லை. சூடு வைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், கதை கேட்பவர்கள் காயத்தைத்தான் தேடுகிறார்கள். காயம் இல்லையென்றால் நல்ல வீடு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விடியுமுன் எழுந்து தேங்காய் துருவினேன். குழந்தையின் துணிகளைத் துவைத்தேன். இரவில் எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபின் பாத்திரங்களைக் கழுவி, குசினியிலேயே பாய் போட்டுப் படுத்தேன். பள்ளிக்கூடம் பற்றி யாரும் பேசவில்லை. என் பெயர் வாயில் நுழையவில்லை என்று வேறு பெயர் வைத்தார்கள். நான் எழுதிய கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள், தபாலில் சேர்க்கவில்லை.

சேர்த்திருந்தாலும் அது போய்ச் சேர்ந்திருக்குமா என்பது வேறு கேள்வி. கடித உறையில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியாது. லயத்துக் காம்பராக்களுக்கு இலக்கம் கிடையாது, வீதிப் பெயர் கிடையாது. தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து எப்போது, யார் கையில் வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அப்பாவின் பெயர், தோட்டத்தின் பெயர், அவ்வளவுதான் எழுதினேன். நான் இருந்த வீட்டின் விலாசமும் எனக்குத் தெரியாது. வாசலில் இருந்த பலகையை என்னால் வாசிக்க முடியவில்லை, அதில் தமிழ் இல்லை. வீதியில் ஒரு பொலிஸ்காரர் நிறுத்தி, நீ எங்கிருந்து வந்தாய், எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருந்தால் இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்திருக்காது. பன்னிரண்டு வயதில் மகாவலி எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டால் ஒப்புவித்திருப்பேன்.

என்னை மீட்டது சட்டம் அல்ல. ஐந்து முதல் பதினான்கு வயது வரை பிள்ளைகள் கட்டாயம் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்ற விதியே 1998இல்தான் நடைமுறைக்கு வந்தது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டமும் அந்த வருடம்தான். 1987இல் எனக்கு இருந்தது வரவு இடாப்பு ஒன்றும், அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் ஒருவரும்தான். என் பெயருக்கு நேரே தொடர்ந்து வரவில்லை என்று விழுந்துகொண்டே போக, அவர் மலையேறி எங்கள் லயத்துக்கு வந்தார். அம்மா, பிள்ளை சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாள் என்றார். மாஸ்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எந்த வீடு? விலாசத்தச் சொல்லுங்க."

அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. "நம்ம ஆளுதாங்க மாஸ்டர் கூட்டிப் போயிருக்காரு" என்றாராம் அப்பா. தங்கள் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று தங்களுக்கே தெரியாது என்பது, அந்தக் கேள்வி வந்து விழுந்தபோதுதான் இருவருக்கும் உறைத்திருக்கிறது. அம்மா அன்று இரவு முழுக்க அழுததாகப் பின்னர் சொன்னார். மாமா விலாசம் தர மறுத்தார். பொலிஸுக்குப் போவேன் என்று மாஸ்டர் சொன்ன பிறகு ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தார். அடுத்த போயா தினத்தில் மாஸ்டரும் அப்பாவும் கண்டியில் ரயிலேறிக் கோட்டையில் இறங்கி, விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்தார்கள்.

குசினி வாசலில் நின்று நான் கேட்ட பேச்சு இது. முன்பணம் கொடுத்திருக்கிறோம், அதைத் திருப்பித் தந்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள் என்றார் வீட்டுக்கார அம்மா. தொகையைச் சொன்னார். அப்பா திகைத்து நின்றார். அவர் கைக்கு வந்தது அதில் பாதிகூட இல்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு கணக்கு, அந்த வீட்டுக்கு ஒரு கணக்கு, மீதி மாமாவின் சட்டைப்பைக்கு. பெற்றவர்கள் பணம் வாங்கிக்கொண்டார்கள் என்று அந்த வீட்டார் நினைத்தார்கள். பிள்ளைக்குச் சம்பளம் சேர்கிறது என்று அம்மாவும் அப்பாவும் நினைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்காத வரையில்தான் தரகருக்குப் பிழைப்பு. விலாசத்தை அவர் அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததற்குக் காரணம் அதுதான் என்று பல காலம் கழித்துப் புரிந்துகொண்டேன்.

மாஸ்டர் தன் காசில் கொஞ்சம் கொடுத்துப் பேச்சை முடித்து என்னைக் கூட்டிவந்தார். ஒரு வகுப்புப் பின்தங்கினேன். உயர்தரம் முடித்து, பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்குப் போய், ஆசிரியையாகக் கண்டிக்கே திரும்பி வந்தேன். ஆனால் இந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை. கொழும்பில் இருந்துவிட்டு வந்த பெண் என்றால் எங்கள் ஊரில் என்னென்ன பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். வருடம் ஏன் பிந்தியது என்று கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றேன். கணவரிடமும் அதையே சொன்னேன்.

வாய் திறக்க வைத்தது 2021. அந்த ஜூலையில், கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்த டயகமத்துப் பதினாறு வயதுச் சிறுமி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, 15ஆம் திகதி இறந்துபோனாள். மலையகம் முழுக்க ஆர்ப்பாட்டம் நடந்தது. கைதானவர்களில் அவளைக் கூட்டிச்சென்ற தரகரும் ஒருவர். 2009 ஆகஸ்டில் மஸ்கெலியாப் பக்கத்துச் சிறுமிகள் இருவர் கொழும்பு பௌத்தாலோக மாவத்தைக் கால்வாயில் சடலங்களாக மீட்கப்பட்டபோதும் இதே போலத்தான் கொதித்தோம், பிறகு அடங்கினோம். அவர்களும் வீட்டு வேலைக்குப் போனவர்கள். பன்னிரண்டு வருட இடைவெளியில் அதே பாதையில் பிள்ளைகள் போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

கொரோனாவுக்காக மூடியிருந்த பள்ளிக்கூடம் மறுபடி திறந்து நாங்கள் வைத்த பெற்றோர் கூட்டத்தில், ஆட்கடத்தல் பற்றிப் பேச வேண்டும் என்று நான்தான் நின்றேன். அறியாதவர்களிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு தாய் மட்டும் எழுந்து, "நம்ம சொந்தக்காரங்களோட அனுப்புனா பரவாயில்லதானே டீச்சர்?" என்று கேட்டார்.

நான் அன்றைக்குச் சொன்னேன். மாமாவின் பெயரை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

அதற்குப் பிறகு என்னுடைய பேச்சே மாறிவிட்டது. வெள்ளை வேனில் வந்து வாயைப் பொத்தித் தூக்கிப்போவதுதான் கடத்தல் என்று எங்கள் சனங்களின் மனதில் பதிந்திருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இலங்கை 2015இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் ஆட்கடத்தல் உடன்படிக்கையின்படி, பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளையைச் சுரண்டுவதற்காகக் கூட்டிப்போனாலே அது கடத்தல். ஏமாற்றினார்களா, மிரட்டினார்களா என்று நிரூபிக்கத் தேவையில்லை. பிள்ளை சம்மதித்தாள் என்பதும் செல்லாது. இதைச் சொன்னபோது கூட்டத்தில் எழுந்த சலசலப்பு அடங்க நேரமெடுத்தது. எத்தனை வீட்டில் எத்தனை மாமாக்களின் முகம் நினைவுக்கு வந்திருக்கும்!

அதற்காக வறுமையைப் பேசாமல் விட முடியாது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்பதே 2021இல்தான் வந்தது. மறு வருடமே விலைவாசி அதை விழுங்கிவிட்டது. தாய்மாரைக் கூண்டில் ஏற்றிப் பேசும் பேச்சுகளை நான் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அம்மா என்னை விற்கவில்லை. நான் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்று அனுப்பினார்.

இப்போது ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு வருடத் தொடக்கத்தில் நான் நடத்தும் பாடம் பாடப்புத்தகத்தில் இல்லை. தோட்டம், டிவிஷன், கிராம சேவகர் பிரிவு, தபாலகம், பிரதேச செயலகம், பெற்றோரின் முழுப் பெயர், ஒரு தொலைபேசி இலக்கம். இவற்றைத் தமிழில் எழுதுவார்கள், பிறகு சிங்களத்தில் எழுதிச் சொல்லிப் பழகுவார்கள். பாடசாலையின் சிங்கள ஆசிரியை இதற்குத் தன் பாட நேரத்தையே விட்டுக்கொடுத்தார். 1929 என்ற இலக்கத்தையும் சேர்த்தே மனனம் செய்கிறார்கள். அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச அழைப்பு. கடைசி வாங்கில் இருந்த ஒரு பையன், "டீச்சர், எங்க லயத்துக்கு நம்பர் இல்லையே, என்ன போடுறது?" என்று கேட்டான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கிய லூல்கந்துர எங்கள் பக்கத்து மலை. தேயிலைப் பெட்டிக்கு அந்தக் காலத்திலேயே இலக்கம் போட்டு லண்டனுக்கு அனுப்பிய மலைநாட்டில், அந்தப் பையனின் வீட்டுக்கு இன்னும் இலக்கம் கிடைக்கவில்லை. நாங்களே லயங்களுக்கு எண்ணிட்டுப் பட்டியல் எழுதி, கிராம சேவகரிடமும் தோட்டத்து ஆபீசிலும் கொடுத்தோம். வீட்டு இலக்கம் என்பது வாக்காளர் இடாப்புக்கும் வங்கிக் கணக்குக்கும் மட்டும் தேவைப்படுவதில்லை என்று மனுவில் எழுதினேன்.

பெற்றோரிடம் நான் கேட்பதும் மாஸ்டர் கேட்ட அதே கேள்விதான். யார் வந்து பிள்ளையைக் கேட்டாலும், அண்ணனோ மச்சானோ, பிள்ளை போய் இருக்கப்போகும் வீட்டின் விலாசத்தைக் கேளுங்கள், அந்த வீட்டாருடன் நேரே பேச வேண்டும் என்று சொல்லுங்கள், பிறப்புச் சான்றிதழைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். மூதூரிலிருந்து சவூதிக்குப் போன ரிசானா நபீக்கைப் பற்றியும் சொல்வேன். 1988இல் பிறந்தவளுக்கு 1982இல் பிறந்ததாகக் கடவுச்சீட்டு எடுத்து 2005இல் அனுப்பினார்கள். 2013 ஜனவரியில் அங்கே அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பிறந்த திகதி தரகர் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று விளக்க வேறு உதாரணம் தேவைப்படுவதில்லை.

இப்போது கட்டாயக் கல்வி பதினாறு வயது வரை. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயதும் 2021இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்ந்தது. ஆகவே தரகர்கள் சாதாரண தரப் பரீட்சை முடியும் நாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பலர் மலையேறி வருவதும் இல்லை, பிள்ளையின் கைத்தொலைபேசிக்குள் வந்துவிடுகிறார்கள். ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை என்றால் அந்த வகுப்பாசிரியர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பாடசாலையில் முடிவெடுத்திருக்கிறோம். வீட்டில் சரியான பதில் இல்லையென்றால் பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு அன்றே தகவல் போகும். அதிபருக்கு இது பிடித்திருந்தது. பெட்ரோல் செலவை நினைத்து முகம் சுளித்த ஆசிரியர்களும் இருந்தார்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தைத் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னதாகவே வைக்கச் சொல்லியிருக்கிறேன். கடன் ஏறுவதும் மாமாக்கள் ஊருக்கு வருவதும் அந்த நாட்களில்தான். இந்த முறை அப்பாமார்களும் வர வேண்டும் என்று கொழுந்து மடுவத்தில் போய் நானே சொல்லிவிட்டு வந்தேன்.