கிணத்துக்கு ஒரு விக்கி பக்கம்!

உக்கடத்தில் பஸ் ஏறி வேலந்தாவளத்தில் இறங்கி நாலு எட்டு வைத்தால்... கேரளா! 'பார்டர்'னதும் வாகா ரேஞ்சுக்கு எதிர்பார்த்துடாதீங்க மக்களே. மாறுவது போர்டில் இருக்கும் எழுத்து மட்டும்தான். டீக்கடையில் அதே கொங்குத் தமிழ், அதே தென்னை, அதே வெயில். கேரளா என்றாலே படகு, பச்சை என்று காலண்டரில் பார்த்துப் பழகியவர்களுக்கு சித்தூர் தாலுகா ஒரு குட்டி ஷாக். மழை அதிகம் எட்டிப் பார்க்காத ஊர்கள். ஆழியாறு தண்ணீருக்காக ரெண்டு மாநிலமும் பேசிக்கொண்டே இருக்கும் பூமி.

அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கொழிஞ்சாம்பாறை. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். ('பேரு மட்டும் போட்டுடாதீங்க தம்பி' என்பது டீச்சரின் அன்புக் கட்டளை!) ஒரே காம்பவுண்டுக்குள் மலையாள மீடியமும் தமிழ் மீடியமும். கேரளாவில் பாடப் புத்தகங்கள் மலையாளம், இங்கிலீஷோடு தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகின்றன என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

''சாப்டீங்களா தம்பி?'' என்று விசாரித்துவிட்டு டீச்சர் நேராக ஒன்பதாம் வகுப்புக்குக் கூட்டிப் போனார். மேலே ப்ரொஜெக்டர், மேஜையில் லேப்டாப், சுவரில் ஸ்பீக்கர். 2018-ல் தொடங்கிய ஹைடெக் ஸ்கூல் திட்டத்தில், எட்டு முதல் ப்ளஸ் டூ வரை 45,000 வகுப்பறைகளை இப்படி மாற்றினார்கள். செய்தது 'கைட்' என்கிற அரசு நிறுவனம். அதற்கு முந்தைய பெயர் 'ஐ.டி. அட் ஸ்கூல்'. லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். எங்க காலேஜ் லேபில் டெர்மினல் ஸ்க்ரீனைப் பார்த்தாலே பாதிப் பேருக்கு ஜுரம் வரும். இங்கே ஒரு வாண்டு, ''அண்ணா, நீங்க என்ன டிஸ்ட்ரோ யூஸ் பண்றீங்க?'' என்கிறான். 'லிட்டில் கைட்ஸ்' க்ளப் மெம்பராம். அனிமேஷன், புரோக்ராமிங், எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் சொல்லித் தருகிறார்களாம். எட்டாவதிலேயே இதில் சேர ஒரு டெஸ்ட் வேறு உண்டு!

சும்மா சொல்லக் கூடாது, எல்லா வகுப்பிலும் மேஜிக் நடக்கவில்லை. பக்கத்து ரூமில் ப்ரொஜெக்டரில் தெரிந்தது பாடப் புத்தகத்தின் பி.டி.எஃப். பிள்ளைகள் அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கரும்பலகையே போதும். கரன்ட்டாவது மிச்சம்.

ஆனால், டீச்சரின் கதை வேறு. ''2009, 2010-ல இங்க டீச்சர்ஸ் நடுவுல ப்ளாக் ஒரு ஃபீவர் மாதிரிங்க தம்பி. கணக்கு டீச்சருங்க கொஞ்சம் பேர் சேர்ந்து 'மேத்ஸ் ப்ளாக்'னு நடத்தினாங்க. அதுல கொஸ்டின் பேப்பர் வந்துச்சானு பார்த்துட்டுத்தான் கிளாஸுக்கே போவோம். மலையாளம்தான். நான் உக்காந்து தமிழ்ல மாத்தி எழுதிப் பசங்களுக்குக் குடுப்பேன்'' என்றார்.

அதே 2009-ல் ஆரம்பித்ததுதான் 'ஸ்கூல் விக்கி'. நம்ம விக்கிபீடியா ஓடும் அதே சாஃப்ட்வேர்தான். சுமார் 15,000 பள்ளிகளுக்கு ஆளுக்கொரு பக்கம். ஸ்கூல் எப்போ ஆரம்பித்தார்கள், ஹெட்மாஸ்டர் யார் என்பதோடு முடிவதில்லை. 'என் கிராமம்', 'நாட்டுப்புறக் கலைக்களஞ்சியம்' என்று ஊர்க் கதைக்கும் இடம் இருக்கிறது. எழுத வேண்டியது டீச்சர்களும் பிள்ளைகளும். எனக்கு இந்த ஐடியா, ப்ரொஜெக்டரைவிட நூறு மடங்கு பிடித்திருந்தது. ப்ரொஜெக்டர் பிள்ளைகளைப் பார்க்கத்தான் வைக்கும். விக்கியில் அவர்கள் எழுதியாக வேண்டுமே!

டீச்சர் இந்த முறை கொடுத்த தலைப்பு 'எங்க ஊர்க் கிணறு'. ஒரு பெண், தன் அம்மச்சி பேசியதை அம்மாவின் போனில் ரெக்கார்ட் செய்து வந்திருந்தாள். அம்மச்சிக்கு பிளாச்சிமடை பக்கம். 2000-ல் அங்கே குளிர்பான ஃபேக்டரி வந்தது, கிணத்துத் தண்ணீர் கெட்டுப்போனதாக ஜனங்கள் 2002-ல் பந்தல் போட்டு உட்கார்ந்தது, 2004-ல் ஃபேக்டரி நின்றது எல்லாம் நாடறிந்த செய்தி. போராட்டத்தின் முகமாக இருந்த மயிலம்மா 2007-ல் இறந்துவிட்டார். அந்தப் பந்தலில் இந்த அம்மச்சியும் உட்கார்ந்திருக்கிறார்.

போனில் குரல் கரகரவென்று வந்தது. ''அந்தத் தண்ணில உலை வெச்சா சோறு சோறாவா இருந்துச்சு? வாயில வெக்க முடியாது சாமி...''

வகுப்பே கப்சிப். பிரச்னை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. பள்ளியின் விக்கி பக்கம் மலையாளத்தில் இருக்கிறது. டீச்சர் அம்மச்சி சொன்னதை மலையாளத்தில் எழுதி ஸ்க்ரீனில் போட்டார். 'தண்ணீர் சமையலுக்கு ஏற்றதாக இல்லை' என்ற அர்த்தத்தில் நீட்டாக ஒரு வாக்கியம். அந்தப் பெண் எழுந்தாள். ''டீச்சர், எங்க அம்மச்சி இப்படிச் சொல்லலீங்க.''

''அர்த்தம் அதேதானே கண்ணு?''

''அர்த்தம் அதேதானுங்க. ஆனா, இது அம்மச்சி இல்லீங்க.''

பின் பெஞ்ச் பையன், ''தமிழ்லயே போட்டுடலாங்க டீச்சர்'' என்றான். ''போட்டா திருச்சூர்ல, கண்ணூர்ல யாரு படிப்பா?'' என்றாள் இன்னொருத்தி. ''மலையாளத்துல போட்டா அம்மச்சிக்கு யாரு படிச்சுக் காட்டுவா?'' என்று இவள் திருப்பிக் கேட்டாள். பட்டிமன்றம் கெட்டது போங்க! கால் மணி நேரம், மெளஸைத் தொடாமல் சண்டை. நான் பார்த்த டிஜிட்டல் கிளாஸ்களிலேயே இதுதான் பெஸ்ட்.

டீச்சருக்கு இது புதுசில்லை. 2020 ஜூனில் விக்டர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கியபோது, வீட்டில் டி.வி. இல்லாத பிள்ளைகள், டி.வி. இருந்தும் மலையாளம் தடுமாறும் பிள்ளைகள் என்று ரெண்டு லிஸ்ட் எழுதி வைத்திருந்தாராம். ரெண்டாவது லிஸ்ட்டுக்காக ராத்திரி சமையல் முடித்துவிட்டு, போனில் தமிழில் பாடம் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். ''முதல் லிஸ்ட்டுக்கு நானா டி.வி. வாங்க முடியும்? ஊர்ல நாலு பேர்கிட்ட கேட்டேன். ரெண்டு வீட்டுக்குக் கிடைச்சுது'' என்றவர், மீதி வீடுகளைப் பற்றிப் பேசவில்லை.

மணி அடித்தபோது சண்டை பாதியில் நின்றது. மேலே மலையாளம், கீழே அம்மச்சியின் வார்த்தை அப்படியே தமிழில் என்பது இப்போதைக்கு டீச்சரின் தீர்ப்பு. ''ஆடியோவையும் ஏத்தணும்ங்க டீச்சர்'' என்று விடாமல் நின்றாள் அந்தப் பெண்.

''மொதல்ல அம்மச்சிகிட்ட கேட்டுட்டு வா கண்ணு, உங்க குரலைப் போடலாமான்னு.''

''சரிங்க டீச்சர்'' என்றவள், போனைப் பையின் அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.