திறந்திருந்த வாசல்

நம் ஊராகிய நீர்வேலி, நாவலர் காலத்திற் கிறிஸ்து மதத்தைக் கண்டித்து நூல் எழுதிய சங்கர பண்டிதரின் ஊர். அவ்வூரிற் சைவக் குடும்பத்திற் பிறந்தும், பட்டப் படிப்பு முடியுமுன்பே கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டவர் நாம். கோயிலுக்குப் போகும் வழக்கம் நமக்கில்லை. அத்தகைய நாம் ஒரு விடுமுறை நாளில் வட்டுக்கோட்டைத் தேவாலயத்தைக் காணப் புறப்பட்டோம் என்றால், வாசகர் நகைக்கக்கூடும்.

காரணம் இல்லாமலில்லை. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706ஆம் ஆண்டில் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம், நாம் சிறுவராயிருந்த காலத்திற் போரினால் அழிந்தது. அதனை நாம் ஒருநாளும் கண்டதில்லை. எஞ்சி நிற்பதையேனும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது.

உரும்பிராய், மானிப்பாய் வழியாகத் துவிச்சக்கர வண்டியிற் சென்று சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. வாசலில் ஒரு முதியவர் கூட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயா எந்தச் சபை?” என்றார்.

“ஒரு சபையுமில்லை. பாக்கத்தான் வந்தனான்.”

“பாக்கிறதுக்குத்தானே வாசல் திறந்து கிடக்கு. வாங்கோ.”

நாம் செருப்பைக் கழற்றினோம். “செருப்போடையும் வரலாம் ஐயா” என்றார் அவர். வரலாந்தான், நம் கால்கள் ஒப்பவில்லை. நம்பிக்கை போனபின்னும் பழக்கம் நம்மோடு தங்கியிருப்பதை அன்று கண்டோம்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. முருகைக்கற் சுவரின் கனம் அப்படி. நல்லூர்க் கோயில் 1621ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டதும், இடித்த கோயில்களின் கற்கள் அவர்களுடைய கட்டடங்களுக்குப் போயின என்று முதியோர் சொன்னதும் நினைவுக்கு வந்தன. சுவரிற் கை வைத்தபோது மனத்தில் ஒரு கசப்பு எழுந்ததை மறைப்பானேன்?

ஆனால் அச்சுவருக்கு வேறொரு கதையும் உண்டு. போர்த்துக்கேயருக்குப் பின் ஒல்லாந்தர், ஒல்லாந்தருக்குப் பின் ஆங்கிலேயர். அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் வந்தபோது கூரையின்றி நின்ற இக்கோயிலைச் செப்பனிட்டனர். அயலிலேயே 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினர். நமக்கு அயலூரான சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே கற்றவர். சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டிற் கண்ட முதற் பட்டதாரிகள் இருவருள் அவர் ஒருவர். ஏட்டிற் கிடந்த கலித்தொகையை 1887ஆம் ஆண்டில் அச்சேற்றித் தந்தவரும் அவரே. ஆண்டுதோறும் வகுப்பிற் கலித்தொகை நடத்தும் நாம், அந்நூல் நம் கைக்கு வந்த வழி இவ்வாசலை ஒட்டியும் சென்றது என்பதை அங்கு நின்றபோதே உணர்ந்தோம். கசப்பு மறைந்துவிடவில்லை, ஆயினும் அதனருகில் நன்றியும் வந்து நின்றது.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நீர்வேலிக் கந்தசுவாமி கோயில் மணி ஒலித்தது. எத்தனையோ ஆண்டுகளாக அம்மணியோசையைக் கேட்டபடியே வண்டியை நிறுத்தாமற் சென்றவர் நாம். ஒல்லாந்தர் கட்டடத்துக்கு ஆண்டுக் கணக்குச் சொல்லும் நமக்கு, இக்கோயிற் கிணற்றை வெட்டுவித்தவர் யார் என்று தெரியாது. நம்பிக்கை இல்லை என்பதையே, பாராமலிருப்பதற்கும் ஒரு சாட்டாக வைத்திருந்தோம். அயலார் கோயிலைக் கருத்தோடு பார்த்த கண், நம் தாயும் பாட்டியும் கைகூப்பி நின்ற இடத்தை ஒருமுறையேனும் பார்க்க வேண்டாமா?

வண்டியை வேலியோரம் சாத்திவிட்டு உள்ளே போனோம். திண்ணையிலிருந்த ஓர் ஆச்சி வியப்போடு நோக்கினார்.

“என்ன தம்பி, இந்தப் பக்கம்?”

“பாக்க வந்தனான், ஆச்சி.”

ஆச்சி மேலொன்றும் கேட்கவில்லை. சற்று ஒதுங்கி, நமக்கும் இருக்க இடம் விட்டார்.