தம்பியின் எஞ்சினும் ஒரு சட்டித் தண்ணீரும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவுட்போர்டு எஞ்சின் வைத்திருக்கும் கடற்கரை நண்பர்கள் மட்டுமாவது பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்குக் கடலுக்குப் போன என் தம்பி, மதியம் இரண்டு மணியாகியும் கரைக்கு வரவில்லை. கூட அவன் மகனும் போயிருந்தான். போன் எடுக்கவில்லை. கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் கரையில் கச்சான் என்றால் படகைக் கடலுக்குள்ளேதான் தள்ளும். தம்பி மனைவி மணலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. நாலரை மணிக்கு வேறொரு வள்ளம் கயிறு கட்டி அவர்களை இழுத்து வந்தது. எஞ்சின் சூடாகி நின்றுவிட, நங்கூரம் போட்டுக் காத்திருந்திருக்கிறார்கள்.

"தண்ணி நல்லாத்தாண்ணே ஊத்துச்சு" என்றான் தம்பி, இறங்கியதும்.

எஞ்சின் பக்கவாட்டில் மூத்திரம் போல ஒரு தாரை ஊற்றுமே, அதைத்தான் சொன்னான். நம் ஆட்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் எஞ்சின் நலம் என்று நம்புகிறார்கள். பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. தம்பியின் எஞ்சினில் அந்தத் தாரை தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாலேயே பிரிந்து வந்துவிடுகிறது. உள்ளே கதவு அடைத்துக் கிடந்தாலும் வெளியே ஊற்றிக்கொண்டுதான் இருக்கும்.

மெக்கானிக் வந்து பார்த்தார். ஹெட் கேஸ்கட் போயிருந்தது. தெர்மோஸ்டாட் உப்பு பிடித்து இறுகியிருந்தது. "கேஸ்கட்டை மாத்துவோம். அந்தச் சனியனைக் கழட்டி வீசிடுங்க. இந்தக் கரையில யாரு வண்டியிலயும் அது கிடையாது" என்றார். தம்பியும் தலையாட்டினான். அவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. இல்லாத கதவு அடைத்துக்கொள்ளாதுதான்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் பெரிய வாக்குவாதம். "நீ என்னைக்குண்ணே எஞ்சின் ஓட்டுன?" என்று கேட்டான். ஓட்டியதில்லை. ஆனால் ஒன்று கேட்டேன். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடு ஏறிய பிறகுதானே மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறாய், ஏன்? சூடில்லாமல் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் குளிர்ந்த கடல்தண்ணீர் ஓயாமல் ஓடி, எஞ்சினைச் சூடேறவே விடாது. எண்ணெய் பாதி எரிந்து பாதி புகையாகும், பிளக்கில் கரி பிடிக்கும், செலவும் கூடும். பக்கத்துப் படகுக்காரர்கள் வாரத்துக்கு ஒருமுறை பிளக்கைத் துடைக்கிறார்களே, எதனால்?

அவன் பதில் சொல்லவில்லை. நம்பவும் இல்லை.

டவுனிலிருந்து புது தெர்மோஸ்டாட் வாங்கி வந்தேன். அது ஒரு சின்ன வெண்கலக் கிண்ணம். உள்ளே மெழுகு அடைத்திருக்கும். மெழுகு உருகினால் நன்றாகவே விரியும். அந்த விரிவுதான் கம்பியைத் தள்ளிக் கதவைத் திறக்கிறது. பந்தும் வளையமும் சோதனையை முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியவன் நான். விரிவு இப்படிச் சம்பளம் வாங்காமல் வேலை பார்ப்பதை அன்றுதான் கையில் வைத்துப் பார்த்தேன். கார் எஞ்சினில் இது 80 டிகிரிக்கு மேல்தான் திறக்கும். தம்பியின் எஞ்சினில் 48 முதல் 52 டிகிரிக்குள் திறக்கத் தொடங்க வேண்டும். கடல்தண்ணீரை அதிகம் சூடாக்கினால் உப்பும் சுண்ணாம்பும் உள்ளேயே படிந்துவிடும் என்பதால் அப்படி.

அடுப்பில் சட்டி நிறையத் தண்ணீர் வைத்தேன். தெர்மோஸ்டாட்டின் கதவிடுக்கில் நூலை மாட்டி, அந்த நூலாலேயே தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். பக்கத்தில் ஆய்வக வெப்பமானி. (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைப் போட்டுவிடாதீர்கள். அது 42-ஐத் தாண்டாது, உடைந்துவிடும்.) தம்பி வாசல்படியில் நின்று பார்த்தான். 50 தொட்டதும் கதவு திறந்து, நூல் விடுபட்டு, தெர்மோஸ்டாட் 'டங்' என்று சட்டிக்குள் விழுந்தது. பிறகு பழையதைத் தொங்கவிட்டேன். 60, 70, 80... தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அது விழவே இல்லை.

"இதத்தான் ரெண்டு வருஷம் படிச்சியா?" என்றான். என் ஆசிரியர் பயிற்சிக்குப் பணம் கட்டியது அவன் வலை. எட்டாவதோடு நிறுத்திவிட்டு அப்பாவோடு கடலுக்குப் போனவன். கிண்டலா, பாராட்டா என்று நான் கேட்கவில்லை.

என் பெருமை மறுநாள் காலை வரைதான். மூடியின் போல்ட்டைக் கழற்றுகிறேன் என்று ஸ்பானரில் பைப்பை மாட்டி ஓர் அழுத்து அழுத்தினேன். தலை தனியாக முறிந்து வந்துவிட்டது. அலுமினியத்தில் இரும்பு போல்ட், நடுவில் உப்பு, பலம் காட்டினால் இதுதான் நடக்கும். தம்பி ஒன்றும் சொல்லாமல் ஸ்பானரை வாங்கிக்கொண்டான். மற்ற போல்ட்டுகளுக்குத் துரு எண்ணெய் விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி, ராத்திரி முழுக்க ஊறவிட்டான். மறுநாள் ஒவ்வொன்றும் தானாக வந்தது. மூடியை எடுத்ததும், நீட்டிக்கொண்டிருந்த முறிந்த துண்டைச் சூடுகாட்டி வைஸ்கிரிப்பால் திருகி எடுத்தான்.

ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டை நான் கத்தியால் சுரண்டப் போக, கையைப் பிடித்தான். "கோடு விழுந்தா அது வழியாவே தண்ணி ஒழுகும்ணே." மூங்கில் சிம்பால்தான் சுரண்டினான், ஒரு மணி நேரம். தெர்மோஸ்டாட் மூடிக்கான கேஸ்கட் கடையில் இல்லை. மூடியில் கிரீஸ் தடவி கேஸ்கட் ஷீட்டில் அச்சு எடுத்து, கத்தரித்துக்கொண்டோம். ஹெட் கேஸ்கட்டை அப்படிச் செய்யக் கூடாது. அது கம்பெனிச் சாமானாகவே வாங்கினோம். ஹெட்டைக் கண்ணாடிமேல் விரித்த எமரித் தாளில் எட்டுப் போட்டுத் தேய்த்துச் சமமாக்கினார் மெக்கானிக். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றில் முறுக்கினார். தெர்மோஸ்டாட்டைப் போடும்போது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். மெழுகுப் பக்கம் எஞ்சினை நோக்கி என்றேன்.

இப்போது கரைக்கு வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் பிடித்துப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டுகிறான் தம்பி. சூடேறிக் கதவு திறந்தால்தான் நல்ல தண்ணீர் உள்ளே போய் உப்பைக் கழுவும். குடம் விலைக்கு வாங்குகிற ஊரில் இது பெரிய செலவு என்று தம்பி மனைவிக்கு வருத்தம்தான். ஆனாலும் அவளேதான் டிரம்மை நிரப்பி வைக்கிறாள்.

நேற்று தம்பி மகன் ஒரு பாலித்தீன் பையோடு வந்தான். பக்கத்துப் படகுக்காரர்கள் கழற்றி மூலையில் போட்டிருந்த மூன்று பழைய தெர்மோஸ்டாட்டுகள். சட்டியை அவனே அடுப்பில் வைத்தான். இரண்டு விழுந்தன.